பிள்ளைகளோடு ஸ்னோ குளோப்: பொம்மை ஏன் கழல்கிறது, தண்ணீர் ஏன் கலங்குகிறது

கேள்வி: ஏழு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஜாம் பாட்டில், ஜிகினாத் தூள், சில சொட்டு கிளிசரின் வைத்து விடுமுறையில், குலுக்கினால் உள்ளே பனி விழுவது போலத் தெரியும் ஸ்னோ குளோப் செய்தோம். ஜிகினாவில் பாதி மேலே மிதந்தது, மீதி குலுக்கிய கையோடு அடியில் போய் உட்கார்ந்தது. நான்காம் நாள், மூடியின் உட்புறம் ஒட்டிய பொம்மை கழன்றது. பத்தாம் நாள் தண்ணீர் கலங்கி மஞ்சளடித்தது. எங்கே தப்பு? திரும்ப எப்படிச் செய்வது?

பதில்:

முதலில் நாள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான குளோப்கள் கெடுவது இதில்தான். ஒரே சாயங்காலத்தில் இதை முடிக்க முடியாது. பொம்மையை ஒட்டிய பசை இறுக ஒரு முழு நாள் வேண்டும். கலவையிலிருக்கும் காற்றுக்குமிழி அடங்க ஒரு ராத்திரி. நிரப்பிய பிறகு ஒழுகுகிறதா, சாயம் போகிறதா என்று பார்க்க மூன்று நாள். அதற்குப் பிறகுதான் மூடியை நிரந்தரமாக அடைக்க வேண்டும். பிள்ளைகளின் கைவேலை எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரத்தைத் தாண்டாது. வெள்ளிக்கிழமை மாலை ஒட்டி, சனிக்கிழமை கலந்து, ஞாயிறு நிரப்பி, அடுத்த புதன் அல்லது வியாழன் அடைத்தால் சரியாக இருக்கும். இந்த ஒழுங்கைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ‘இன்னிக்கே குலுக்கணும்’ என்ற அழுகை பாதி குறையும்.

இனி பனி விழும் வேகத்துக்கு வருவோம். இந்த வேலையின் உயிரே அதுதான்.

‘தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு கிளிசரின் விடுங்கள்’ என்று பல குறிப்புகளில் இருக்கும். 250 மி.லி. பாட்டிலில் மூன்று சொட்டு விட்டால் எந்த மாற்றமும் வராது. சுத்தமான கிளிசரின், 20 டிகிரி வெப்பத்தில், தண்ணீரைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பாகானது. ஆனால் தண்ணீர் சேரச் சேர அந்தப் பாகுத்தன்மை சரசரவென்று விழுந்துவிடும். பாதிக்குப் பாதி கலந்தாலே தண்ணீரைப் போல ஏழெட்டு மடங்குதான் மிஞ்சும். கால் பங்கு கலந்தால் இரண்டு, இரண்டரை மடங்கு. அதனால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை கிளிசரின் இருக்க வேண்டும். 240 மி.லி. பிடிக்கும் பாட்டில் என்றால் 80 மி.லி. கிளிசரின், 160 மி.லி. தண்ணீர் என்று தொடங்குங்கள். பனி இன்னும் மெதுவாக விழ வேண்டுமென்றால் 120-க்கு 120. அதற்கு மேல் போகாதீர்கள்: துகள்கள் ஒன்றோடொன்று திரளும், குலுக்கும்போது புகுந்த குமிழிகளும் மேலேற நேரம் பிடிக்கும்.

இந்த அளவைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். மூன்று கண்ணாடி டம்ளர்கள்: ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் கால் பங்கு கிளிசரின், ஒன்றில் பாதி. அளக்க, ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சு போதும், ஏழு வயதுக் கைக்கு அது நன்றாக வசப்படும். ஒவ்வொன்றிலும் அதே ஜிகினாவில் ஒரு சிட்டிகை போட்டு, கரண்டியால் ஒரே மாதிரி மூன்று சுற்று கலக்கி, கடைசித் துகள் அடியில் படியும்வரை போனில் நேரம் பார்த்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். எது பனி மாதிரி இருக்கிறது என்று அவர்களே காட்டிவிடுவார்கள்.

கிளிசரினை ஊற்றும் கணத்தைத் தவற விடாதீர்கள். அது தண்ணீரைவிடக் கனமானது: தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் இதன் அடர்த்தி 1.26. சிரிஞ்சு முனையை நீருக்குள் வைத்து மெதுவாக அழுத்தினால், உருகிய கண்ணாடி ஓடுவது போல வளைந்து நெளிந்து அடிக்கு இறங்கும். இரண்டும் நிறமற்றவைதான். ஆனாலும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால் அந்த ஓட்டம் வரி வரியாகத் தெரியும். அந்த வரிகள் முழுதாக மறையும்வரை கலக்க வேண்டும். மறைந்துவிட்டால் கலந்துவிட்டது என்று பொருள். அவசரப்பட்டு அடித்துக் கலக்கினால் குமிழி புகும். கரண்டியை அடியில் வைத்துச் சுற்றுங்கள், நிமிடக் கணக்கில் ஆகும்.

துகளின் அளவும் வேகத்தை மாற்றும். ஒரே பொருளில் துகளின் அளவு பாதியானால் வேகம் ஏறக்குறைய நான்கில் ஒன்றாகும். மாவு போன்ற நுண்ஜிகினா நெடுநேரம் அந்தரத்தில் நின்று, பனி மாதிரி இல்லாமல் மூடுபனி மாதிரி கலங்கித் தெரியும். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள அறுகோண ஜிகினாதான் திரும்பித் திரும்பி ஒளி காட்டி இறங்கும். பெரியது மூன்று பங்கு, நுண்ணியது ஒரு பங்கு என்று கலந்தால் அழகாக இருக்கும். 250 மி.லி.க்கு அரை டீஸ்பூன் போதும். பிள்ளைகள் கை நிறையப் போடப் பார்ப்பார்கள். ஒரு டீஸ்பூனைத் தாண்டினால் பொம்மையின் இடுப்புவரை குப்பை போல் மூடிக்கொள்ளும்.

மிதந்த ஜிகினாவுக்குக் காரணம் நீரின் மேற்பரப்பு இழுவிசை. துகளின் மேல் ஒட்டியிருக்கும் காற்றும் எண்ணெய்ப் பசையும் அதை மேலேயே நிறுத்திவிடும். குளோப்புக்குள் சோப்பு விடாதீர்கள், குலுக்கும் போதெல்லாம் நுரை வரும். வெளியிலேயே முடித்துவிடுங்கள்: ஒரு கிண்ணத்தில் நீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு, அதில் ஜிகினாவைப் போட்டு நன்றாகக் கலக்கி ஐந்து நிமிடம் வையுங்கள். அப்போதும் மிதப்பதைக் கரண்டியால் அள்ளித் தனியே எடுத்துவிட்டு, மூழ்கியதை மட்டும் மெல்லிய துணியில் வடித்து, ஒருமுறை அலசி, ஈரத்தோடு பயன்படுத்துங்கள். காயவிட்டால் மறுபடி காற்று ஒட்டிக்கொள்ளும்.

வாங்கிய ஜிகினா சாயம் விடுமா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு சிட்டிகையை வெள்ளைக் கிண்ணத்தில் நீர் விட்டு ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் நீரில் நிறம் தெரிந்தால் அந்த ஜிகினா வேண்டாம். மலிவான சிவப்பிலும் தங்க நிறத்திலும் இந்தக் கோளாறு அதிகம். உங்கள் பாட்டிலின் மஞ்சளுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொன்று துரு, அதைக் கீழே சொல்கிறேன்.

வெள்ளைப் பனிதான் வேண்டும் என்றால் முட்டை ஓடு கிடைக்கும். பத்து நிமிடம் கொதிக்க வைத்து, உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை முழுக்க உரித்துவிடுங்கள். சவ்வு மிஞ்சினால் அழுகி நாறும். காயவைத்து, துணிக்குள் மடித்து, பூரிக்கட்டையால் பிள்ளைகள் உருட்டட்டும். பொடித்ததை டீ வடிகட்டியில் போட்டுக் குழாய் நீரில் தெளிவாகும்வரை அலச வேண்டும். அலசாத பொடி குளோப்பைப் பால் போலாக்கிவிடும். முட்டை ஓடு சுண்ணாம்புப் பொருள், ஜிகினாவைவிடக் கனம், அதனால் இதற்கு மட்டும் பாதிக்குப் பாதி கலவை வைத்துக்கொள்ளுங்கள்.

தெர்மாகோல் எப்போதும் மிதக்கும். கவர், பால் பாக்கெட், சாப்பாடு வரும் பிளாஸ்டிக் டப்பா ஆகியவற்றை நறுக்கினாலும் மிதக்கும், அவை தண்ணீரைவிட லேசானவை. தண்ணீர் பாட்டில் செய்யும் ‘பெட்’ பிளாஸ்டிக் மூழ்கும். பெரும்பாலான ஜிகினாவும் அதே பொருள்தான். இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. விறைப்பான, ஒடித்தால் படக்கென்று முறியும் பாலிஸ்டைரின் கப்பின் துண்டு வெறும் தண்ணீரில் மூழ்கும், கிளிசரின் கலவையில் மிதக்கும். அதன் அடர்த்தி சுமார் 1.05, மூன்றில் ஒரு பங்கு கலவையின் அடர்த்தி கிட்டத்தட்ட 1.09. ஆகவே எந்தத் துகளையும் வெறும் நீரில் சோதித்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். போகப்போகும் கலவையிலேயே சோதியுங்கள்.

ரவை போடலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேள்வி நியாயமானது. வியன்னாவில் அறுவைச் சிகிச்சைக் கருவிகள் செய்துவந்த எர்வின் பெர்சி என்பவர், 1900 வாக்கில், விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டும் வழி தேடினார். அந்தக் காலத்துச் செருப்புத் தைப்பவர்கள் மெழுகுவத்தி முன்னால் நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையை வைத்து ஒளியைக் குவித்து வேலை பார்ப்பார்கள். அதே மாதிரி உருண்டைக்குள் ஒளியைச் சிதறடிக்க ஏதாவது போடலாமென்று ரவையைப் போட்டுப் பார்த்தபோது, அது ஊறி மெதுவாக இறங்கியது பனி விழுவது போலிருந்தது. விளக்கு நடக்கவில்லை. உள்ளே ஆஸ்திரியாவின் மரியாசெல் தேவாலயத்தின் சின்ன உருவத்தை வைத்து அவர் செய்த உருண்டை பிழைத்துக்கொண்டது. அவர் குடும்பம் இன்றும் வியன்னாவில் இதே தொழில் செய்கிறது, பனித்துகள் எதனால் ஆனது என்பதை வெளியே சொல்வதில்லை. (நீர் நிரப்பிய இப்படிப்பட்ட உருண்டைகள் 1878 பாரிஸ் கண்காட்சியிலேயே இருந்தன.) நம் வீட்டு ரவை ஒரே நாளில் உப்பி, சில நாளில் புளித்துவிடும். தேங்காய்த் துருவலில் எண்ணெய் கசியும். உப்பும் சர்க்கரையும் கரைந்தே போகும். ரவையை ஒரு டம்ளரில் தனியாகப் போட்டுக் காட்டுங்கள், பெர்சி பார்த்ததை அவர்களும் பார்க்கட்டும்.

பாட்டிலைப் பொறுத்தவரை 200 முதல் 300 மி.லி. ஜாம் பாட்டில் நல்லது. சுவர் வழவழப்பாக, எழுத்து புடைக்காமல் இருக்க வேண்டும். ஊறுகாய் பாட்டில் வேண்டாம்: மூடியின் உட்பூச்சு எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும், எத்தனை முறை கழுவினாலும் கலவையில் எண்ணெய்ப் படலம் வந்து ஜிகினா கட்டி கட்டியாகச் சேரும். எடுத்துக்கொண்ட பாட்டிலில் நீரை நிரப்பி, மூடி, டிஷ்யூ பேப்பரின் மேல் கவிழ்த்து ஒரு ராத்திரி வையுங்கள். காகிதம் நனைந்திருந்தால் வேறு பாட்டில்.

உங்கள் பொம்மை கழன்றதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம், பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

ஜாம் மூடியின் நடுவை விரலால் அழுத்திப் பாருங்கள், ‘டக்’ என்று அமுங்கி எழும். முதல்முறை திறந்ததைக் காட்ட வைத்த பொத்தான் அது. அதன் மேல் பொம்மையை ஒட்டினால், மூடியைத் திருகும் போதெல்லாம் தகடு அசைந்து பசையை உரித்துவிடும். இரண்டாவது, பசையின் வகை. மரவேலைக்கான சாதாரண வெள்ளைப் பசை நீரில் இளகும். நொடியில் ஒட்டும் பசை உடனே பிடிக்கும், ஆனால் நொறுங்கும் தன்மை உடையது, நீரில் கிடக்கக் கிடக்க வலுவிழக்கும், பிள்ளைகளின் விரலையும் ஒட்டிவிடும். குளூ கன் பசை வழவழப்பான தகட்டிலிருந்து அப்படியே தோலுரிந்த மாதிரி வந்துவிடும். மூன்றாவது, பலரும் பொம்மையை உயர்த்தக் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் மூடியை மேடையாக வைக்கிறார்கள். மெழுகு மாதிரி வழுக்கும் அந்தப் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் நிலைக்காது.

மேடை கட்டாயம் வேண்டும், ஏனென்றால் கவிழ்த்து நிறுத்தியதும் மூடியும் பாட்டிலின் கழுத்தும் சேர்ந்து கீழே ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டரை மறைத்துவிடும். அதற்கு எம்-சீல் வகை எபாக்சி மாவுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. இரண்டு நிற மாவையும் சம அளவில் எடுத்து, ஒரே நிறமாகும்வரை பிசைந்து, பொத்தானைத் தாண்டி அகலமாக ஒரு குன்று மாதிரி மூடியின் உட்புறத்தில் அழுத்துங்கள். பொம்மையின் பாதத்தை அதற்குள் அமிழ்த்தி, ஈரத் தீக்குச்சியால் மாவைக் கணுக்காலைச் சுற்றி மேலே ஏற்றிவிடுங்கள். மாவு இறுகியதும் கால் பிடியில் சிக்கிக்கொள்ளும். வழுக்கும் பிளாஸ்டிக் பொம்மையாக இருந்து பசை ஒட்டாவிட்டால்கூட அது கழலாது. இறுகாத எபாக்சி தோலில் ஒவ்வாமை உண்டாக்கும், எனவே இது பெரியவர் வேலை, கையுறையோடு. பொம்மை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், குன்று எத்தனை உயரம் என்று முடிவு செய்வது பிள்ளைகளின் வேலை. இருபத்துநான்கு மணி நேரம் தொடாமல் விடுங்கள்.

மாவை அழுத்துமுன் தகட்டை உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். இங்கேதான் துரு வரும் வழியும் இருக்கிறது. தகரத்தைக் காப்பது அதன் மேலிருக்கும் பூச்சு, உப்புத்தாள் அதைத்தான் எடுக்கிறது. தேய்த்த இடம் முழுவதும் மாவுக்கு அடியில் போயாக வேண்டும். ஒரு கீறல் வெளியே தெரிந்தாலும் இரண்டு வாரத்தில் அங்கிருந்து மஞ்சள் கிளம்பும். பழைய மூடியில் ஏற்கெனவே கீறல் இருந்தால் புது மூடி வாங்கிக்கொள்ளுங்கள். குன்று மூடியின் ஓரம்வரை பரவவும் கூடாது: பாட்டில் வாய் உட்காரும் வட்டத்திலிருந்து அரை சென்டிமீட்டராவது உள்ளே நிற்கட்டும். இல்லையென்றால் மூடி திருகாது. திருகினாலும் துகள்கள் அந்த இடுக்கில் போய் மாட்டிக்கொள்ளும்.

உள்ளே பனிமனிதன்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. யானை, படகு, கலங்கரை விளக்கம், பிள்ளைகளே அடுக்கிய சின்னப் பிளாஸ்டிக் கட்டைகள் எல்லாம் நன்றாக நிற்கும். பிளாஸ்டிக்கும் பீங்கானும் தொல்லை தராதவை. மரம் ஊறும். காற்றில் காயும் களிமண் கரையும். போஸ்டர் கலர் அன்றே போய்விடும். இரும்புக் கம்பி, குண்டூசி எதுவும் கூடாது. பொம்மை உள்ளே காலியாக இருந்தால் அதற்குள் இருக்கும் காற்று நாட்கணக்கில் ஒவ்வொரு குமிழியாக வெளியேறும். அடியில் துளை இருந்தால் அதையும் மாவால் நிரப்பி அடைத்துவிடுங்கள். எதுவானாலும் இரண்டு நாள் டம்ளர் நீரில் ஊறப்போட்டுச் சாயம் பார்ப்பது நல்லது. புகைப்படம் வைக்க ஆசைப்பட்டால், படத்தின் நான்கு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் வெற்றுப் பிளாஸ்டிக் ஓரம் விட்டு லேமினேட் செய்து வெட்ட வேண்டும். படத்தை ஒட்டி வெட்டினால் ஓரத்தில் நீர் ஏறும். ஓரம் விட்டதுகூட என்றைக்கும் நிற்காது, அதனால் கையிலிருக்கும் ஒரே பிரதியை உள்ளே போடாதீர்கள்.

தண்ணீர் கலங்குவது பெரும்பாலும் உயிரிகளால், சில சமயம் உப்பால். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு கண்ணாடியில் வெண்மையாகப் படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். கடையில் அந்தப் பெயரைச் சொல்லியே கேட்டு, லேபிளைப் படித்துப் பாருங்கள், பேட்டரி ஆசிட்டும் அதே மாதிரிக் கேனில்தான் இருக்கும். கிடைக்காவிட்டால் வடிகட்டிய ஆர்.ஓ. நீர் போதும். எதுவானாலும் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, மூடி, அறை வெப்பத்துக்கு ஆறவிடுங்கள். கொதிக்கும்போது கிருமியும் போகும், கரைந்த காற்றும் போகும். ஃப்ரிட்ஜ் தண்ணீரை அப்படியே ஊற்றினால், அது சூடேறும்போது கரைந்திருந்த காற்று வெளிவந்து பொம்மை முழுக்க முத்து முத்தாக ஒட்டிக்கொள்ளும். பாட்டிலையும் கொதிநீரில் போட்டெடுங்கள். கிருமிக்கென்று டெட்டால் விடாதீர்கள், நீர் உடனே பாலாகிவிடும். கிளிசரின் மருந்துக்கடையில் வாங்கியதாக இருக்கட்டும்.

பொம்மையை வைத்த பிறகு பாட்டில் எவ்வளவு பிடிக்கும் என்று முதலில் வெறும் தண்ணீரில் அளந்துகொண்டு, அதைவிட 20 மி.லி. கூடுதலாகக் கலவை தயாரியுங்கள். மூடி வைத்த கலவையை ராத்திரி முழுக்க அசைக்காதீர்கள்.

நிரப்பும்போது பாட்டிலை ஒரு கிண்ணத்துக்குள் நிறுத்துங்கள். அலசிய ஜிகினா முதலில், பிறகு கலவையைச் சுவரோரமாக விளிம்புவரை ஊற்றுங்கள். பொம்மையை நேராக இறக்கினால் கையிடுக்கில், தொப்பிக்கடியில் காற்று மாட்டும். சாய்த்து இறக்கி, நீருக்குள்ளேயே ஒருமுறை இப்படியும் அப்படியும் திருப்பி, பிறகு நிமிர்த்துங்கள். வழிவது கிண்ணத்தில் விழட்டும், குறைந்ததைச் சிரிஞ்சால் நிரப்பலாம். தளும்பத் தளும்ப மூடாதீர்கள். வெப்பம் 20 டிகிரியிலிருந்து 35-க்கு ஏறினால் 250 மி.லி. கலவை ஒன்று, ஒன்றரை மி.லி. விரியும். இடமில்லையென்றால் அது மூடி வழியாகத்தான் வெளியேறும், திரும்பக் குளிரும்போது காற்றை உள்ளே இழுக்கும். ஒரு கோலிக்குண்டு அளவுக் குமிழியை வேண்டுமென்றே விட்டுவிடுங்கள். அதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை.

இப்போது பசை இல்லாமல் இறுக்கி மூடி, டிஷ்யூ பேப்பர் விரித்த தட்டில் கவிழ்த்து மூன்று நாள் வையுங்கள். காகிதம் ஈரமானால் மூடி சரியில்லை. குமிழி பெரிதாகிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. துகள் திரண்டால் எண்ணெய், அல்லது கிளிசரின் கூடிவிட்டது. நிறம் மாறினால் சாயம் அல்லது துரு. எல்லாவற்றையும் இந்த மூன்று நாளில் சரிசெய்துவிடலாம். பிள்ளைகளுக்கு இது காத்திருக்கும் நேரமாகவும் தோன்றாது, தினமும் குலுக்கிப் பார்க்கலாமே. ஒரு கண்டிப்பு: பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, மேசை மேல் வைத்து மட்டும்.

மூன்று நாளும் தாண்டிவிட்டால் மீன்தொட்டிக்குப் பயன்படும் சிலிக்கானை எடுங்கள். ஜாம் மூடி நீரை அடைப்பது புரியில் இல்லை, உள்ளே பாட்டிலின் வாய் அழுந்தும் மென்மையான வளையத்தில். ஆகவே அந்த வளையத்தை நன்றாகத் துடைத்து, மெல்லிய நூல் கனத்துக்கு ஒரு சுற்று சிலிக்கான் வைத்து, பாட்டில் வாயையும் துடைத்துக் காயவைத்து, மூடித் திருகுங்கள். வெளியே பிதுங்கியதை விரலால் வழித்துவிட்டு, மூடி மேலே இருக்கும்படி நிமிர்த்தி 48 மணி நேரம் வைத்த பிறகே கவிழ்க்க வேண்டும். பிளம்பர்கள் சுற்றும் டெஃப்ளான் டேப் முழுப் புரி உள்ள மூடிக்கு உதவும், ஜாம் மூடிக்கு அவ்வளவாக உதவாது. இங்கே எபாக்சி வேண்டாம் என்பேன். சிலிக்கானை நாளைக்குப் பிளேடால் அறுத்துத் திறக்கலாம், எபாக்சியால் அடைத்தால் உடைக்க மட்டும்தான் முடியும்.

ஐந்து வயதுக்குக் கீழே என்றால் கண்ணாடி வேண்டாம். சின்ன ‘பெட்’ பாட்டிலில் அதே கலவை, அதே ஜிகினா, ஒட்டாமல் உள்ளே உருளும் ஒரு மீன் அல்லது ஆமை. மூடியைப் பெரியவர் இறுக்கி டேப் சுற்றிவிட்டால் போதும். ‘குழந்தை எண்ணெய் (பேபி ஆயில்) ஊற்றினால் பனி மெதுவாக விழும்’ என்றொரு குறிப்பும் சுற்றுகிறது. அந்த எண்ணெயை ஒரு மடக்கு விழுங்கிப் புரையேறினாலே நுரையீரலுக்குப் போய் ஆபத்தாகும். சிறுவர்கள் இருக்கும் வீட்டில் அதைத் தொடாதீர்கள். வண்டிக்கு ஊற்றும் கூலன்ட்டும் அப்படியே: அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நஞ்சு. குழந்தைக்கும் பூனை நாய்க்கும் சிறிதளவே போதும்.

தரையில் கிளிசரின் சிந்தினால் உலர்ந்த துணியால் துடைத்தால் போகாது, வழுக்கும். வெந்நீரால் இரண்டு முறை துடையுங்கள். முடிந்த குளோப்பை வெயில் விழும் ஜன்னலில் வைக்கக் கூடாது. நீர் நிரம்பிய உருண்டை பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவிக்கும். இந்தக் காரணத்துக்காகவே 2008 இறுதியில் அமெரிக்காவில் பனிமனிதன் வடிவ ஸ்னோ குளோப்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். கனடாவிலும் ஐரோப்பாவின் குளிர் நாடுகளிலும் இருப்பவர்கள் இதை ராத்திரியில் காரிலோ பால்கனியிலோ விட்டுவிட வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு கலவை மைனஸ் 15 டிகிரி வாக்கில் உறையத் தொடங்கும், பாட்டில் விரிசல்விடும். சென்னையில் அந்தக் கவலை இல்லை. இங்கே மே மாதத்தில் அதே குளோப்பில் பனி சற்று வேகமாக விழும், சூட்டில் கிளிசரின் இளகுவதால். ஜனவரியிலும் மே மாதத்திலும் நேரம் பார்த்து ஒப்பிடச் சொல்லுங்கள், பத்து வயதுப் பிள்ளைக்கு அது நல்ல வேலை.

இவ்வளவு பார்த்துச் செய்தாலும் வீட்டில் செய்தது என்றைக்கும் தெளிவாகவே இருந்துவிடாது. மூன்றில் ஒரு பங்கு கிளிசரின் கிருமியைத் தாமதப்படுத்தும், அடியோடு தடுக்காது. மங்கல் தெரிந்ததும் சிலிக்கானைப் பெரியவர் பிளேடால் அறுத்துத் திறந்து, நீரை மெல்லிய துணியில் வடியுங்கள். துகளைக் கழுவுதொட்டியில் விட்டுவிடாதீர்கள். அது பிளாஸ்டிக், ஆற்றுக்கும் கடலுக்கும் போகலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் உதிரிப் பிளாஸ்டிக் ஜிகினா விற்பனைக்குத் தடை போட்டது இதற்காகத்தான். துணியில் நின்ற ஜிகினாவைச் சோப்பு நீரில் அலசி, கொதிநீர் காட்டிய பாட்டிலில் புதுக் கலவையோடு அதையே திரும்பப் போடலாம். குன்றும் பொம்மையும் அசையாமல் இருக்கும். இந்த முறை கைவேலைக்கு அரை மணி நேரம் போதும்.